பௌத்தத்தை எங்கிருந்து தொடங்குவது? ஒரு தோட்டத்து டிரசரின் பதில்

தம்பிக்கு வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில் தொழிற்சாலையில் இரவு வேலை, வீடு பீடோங் பக்கத்துத் தோட்டத்தில், விசாக தினத்தன்று சீன நண்பரோடு விகாரத்துக்கு, அதாவது பௌத்தக் கோயிலுக்கு, போய் வந்ததிலிருந்து பௌத்தத்தை அடிப்படையிலிருந்து கற்கும் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று தடைகளையும் சொல்லியிருக்கிறீர்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் சொற்கள் மிரட்டுகின்றன. 'அது சீனர் சாமி, நமக்கு எதற்கு' என்கிறார் மாமா. மாரியம்மன் கோயிலை விட்டுவிடுவாயோ என்று அம்மா கலங்குகிறார். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு படிப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

நான் தோட்ட மருந்தகங்களில் முப்பது ஆண்டுகள் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன். என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். நான் பிக்குவும் இல்லை, பாலி படித்த பண்டிதனும் இல்லை. புத்தர் சொன்னதை இருபத்தைந்து ஆண்டுகளாகப் படித்து, என்னால் இயன்ற அளவு பழகி வருகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில், பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த ஒரு வாசகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்.' பௌத்தம் என்றாலே தமிழர் வாயில் வருவது இதுதான். நல்லவர்கள் பலரை இந்த வாசகம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. 'வீடு வாங்க ஆசை, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைக்க ஆசை, இதெல்லாம் தப்பா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். புத்தர் சொன்ன சொல் 'தண்ஹா'. அதற்குத் தாகம் என்று பொருள். தமிழில் வேட்கை என்ற சொல் சரியாகப் பொருந்தும். நீர்வேட்கை என்கிறோம் அல்லவா, அதே வேட்கை. குடிக்கக் குடிக்க அடங்காத தாகத்தைத்தான் அவர் காரணமாகக் காட்டினார். கற்க வேண்டும், திருந்த வேண்டும், பிறருக்கு உதவ வேண்டும் என்ற விருப்பத்துக்குப் பாலியில் 'சந்தம்' என்ற வேறு சொல் புழங்குகிறது. நல்லதை நாடும் அந்த விருப்பம் இல்லாமல் ஒருவரும் இந்த வழியில் ஓரடி கூட வைக்க முடியாது. நீங்கள் எழுதிய கடிதமே அதற்குச் சான்று.

'துக்கம்' என்ற சொல்லும் தமிழில் நம்மை ஏமாற்றும். துக்கவீடு, துக்கம் விசாரித்தல் என்று சாவோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டோம். அதனால் பௌத்தம் அழுமூஞ்சி மதம் என்று தோன்றுகிறது. புத்தர் சாவையும் நோயையும் முதுமையையும் சொன்னார், உண்மைதான். ஆனால் வேண்டியவரைப் பிரிவதும், வேண்டாதவரோடு சேர்ந்திருப்பதும், விரும்பியது கிடைக்காததும் அவர் பட்டியலில் இருக்கின்றன. சம்பள நாளன்று புதுக் கைப்பேசி வாங்கி, மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பையனின் கைப்பேசியைப் பார்த்து மனம் சப்பென்று ஆகிறதே, அதுவும் துக்கம். நிறைவு நிற்காது. அதைத்தான் அந்தச் சொல் சுட்டுகிறது.

இப்போது நான்கு வாய்மைகளுக்கு வருகிறேன். புத்தர் ஞானம் பெற்ற பிறகு காசிக்கு அருகே சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரையின் சாரம் இது. துக்கம், துக்கத்தின் தோற்றம், துக்கத்தின் ஒழிவு, ஒழிவுக்கான வழி. நான் இதை முதல்முறை படித்தபோது என் மருந்தக மேசைதான் கண்முன் வந்தது. காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்து வரிசையில் நிற்பவர்களிடம் நான் பார்த்தது இந்த நான்கைத்தான். என்ன நோய்? எதனால் வந்தது? தீருமா? தீர என்ன செய்ய வேண்டும்? புத்தரை மருத்துவர் என்று பழைய உரையாசிரியர்கள் அழைப்பது வெறும் புகழ்ச்சி இல்லை. அவர் பேச்சின் கட்டமைப்பே அப்படி.

ஒரு நாளைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் கையில் முள் ஏறி வந்தார். மட்டை முள், உடைந்து உள்ளே தங்கிவிட்டது, ஆள்காட்டி விரல் வீங்கிச் சிவந்திருந்தது. அயோடின் தடவி, தோலைச் சற்றுக் கீறி, இடுக்கியால் இழுத்தேன். பழுப்பு நிறத்தில், தீக்குச்சியில் பாதி நீளத்துக்கு வந்தது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடமும் அவர் விரலைப் பார்க்கவே இல்லை. கையுறை கொடுக்காத மண்டோரை, அதாவது வேலை மேற்பார்ப்பவரை, திட்டினார். அந்த மண்டோரின் அண்ணன் முன்பு செய்த துரோகத்தைச் சொன்னார். தன்னை இந்த வேலையில் சேர்த்துவிட்ட தகப்பனாரையும் திட்டினார். காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஓராண்டு கழித்துக் காய்ச்சலுக்கு வந்தவர் மறுபடியும் அதே மண்டோரைப் பற்றித்தான் பேசினார். முகம் சிவந்தது, மூச்சு வாங்கியது, அழுத்தம் பார்த்தேன், ஏறியிருந்தது. கையுறை கேட்டது நியாயம்தான். கொடுக்க வைக்க நானும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் விரலில் ஏறிய முள் ஒன்று. மனத்தில் அவரே ஏற்றிக்கொண்ட முள் இன்னொன்று. புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொல்கிறார். பயிற்சி இல்லாதவனை உடம்பில் ஓர் அம்பு தைக்கிறது, உடனே மனத்தில் இரண்டாவது அம்பு தைக்கிறது. பயின்றவனுக்கு முதல் அம்பு மட்டும். வலியே இல்லாமல் போகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மைதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

இதையே நீங்கள் இன்று உங்களிடம் சோதித்துப் பார்க்கலாம். மேற்பார்வையாளர் கடிந்துகொள்கிறார். சொல் காதில் விழுந்து மூன்று நொடியில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ஓட்டுவது யார்? இந்தக் கேள்வியில்தான் பௌத்தம் தொடங்குகிறது. மற்றவையெல்லாம் இதற்குப் பின்.

நான்காவது வாய்மையாகிய எண்வழியைப் பெயரளவில் சொல்லி வைக்கிறேன்: நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செயல், நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒழுக்கம், மன ஒருமை, ஞானம் என்ற மூன்றுக்குள் எட்டும் அடங்கும் என்று தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஒழுக்கம் என்பது இல்லறத்தாருக்கு ஐந்து சீலம். உயிர்க்கொலை, களவு, தகாத காமம், பொய், மயக்கம் தரும் பொருள் ஆகிய ஐந்திலிருந்தும் விலகுவது. பாலியில் இதை எடுத்துக்கொள்ளும் வாசகத்தைக் கவனியுங்கள்: 'விலகியிருக்கும் பயிற்சியை நான் ஏற்கிறேன்.' மேலிருந்து வந்த கட்டளை என்று அதில் இல்லை. தவறினால் மறுநாள் மறுபடி ஏற்கலாம். ஐந்தாவது சீலத்துக்கு நம் தோட்டங்களில் உரை எழுதத் தேவையில்லை. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு, 'டிரசரே, கண் மங்கலாகத் தெரிகிறது' என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கூட்டி வந்த மனைவிமார் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஐந்தில் ஒன்றை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றால், இதிலிருந்தோ பொய் சொல்லாமையிலிருந்தோ தொடங்குங்கள்.

கர்மத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்களுக்கு இதில்தான் பெரிய கேடு நடந்திருக்கிறது. 'உன் தலைவிதி, போன பிறவியில் செய்தது' என்று சொல்லிச் சொல்லியே லயத்து வீட்டு ஒழுகும் கூரையையும் குறைந்த கூலியையும் பொறுத்துக்கொள்ள வைத்தார்கள். காசநோய்க்காரரையும் அப்படிச் சொல்லித்தான் மருத்துவமனைக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். சீவகன் என்ற துறவி ஒருவர் புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே, சரியா என்று கேட்டார். சரியில்லை என்றார் புத்தர். பித்தத்தால் நோய் வரும், கபத்தால் வரும், வாயுவால் வரும், மூன்றும் கூடி வரும், பருவ மாற்றத்தால் வரும், கவனக்குறைவால் வரும், பிறர் தாக்குவதால் வரும், வினையாலும் வரும் என்று எட்டுக் காரணங்களைச் சொன்னார். எட்டில் ஒன்றுதான் வினை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு டிரசருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! அவர் வினை என்று சொன்னதும் மனத்தின் நோக்கத்தைத்தான். எந்த எண்ணத்தோடு செய்கிறீர்களோ அந்த எண்ணமே வினை. இனி நினைப்பதும் செய்வதும் உங்கள் கையில் இருக்கின்றன என்பதைச் சொல்லவே கர்மக் கொள்கை.

இன்னொரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். புத்தர் தம் அணுக்கச் சீடரான ஆனந்தரைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, தம் கையால் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, எனக்குத் தொண்டு செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குத் தொண்டு செய்யட்டும் என்றார். புத்தர் கடவுளா என்று பலர் என்னைக் கேட்பார்கள். அவர் தம்மைக் கடவுள் என்று சொல்லவில்லை. உலகைப் படைத்த ஒருவரைப் பற்றியும் போதிக்கவில்லை. நான் விகாரத்தில் அவர் சிலைக்கு முன் விழுந்து வணங்கும்போது எனக்கு நினைவில் வருவது அந்தக் கட்டிலும் தண்ணீர்ப் பாத்திரமும்.

மாமாவின் பேச்சுக்கு வருவோம். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பௌத்தர்கள் 18.7 விழுக்காடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். ஆகவே மாமா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் நிற்கும் மண் வேறு கதை சொல்கிறது. மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப் போங்கள். நம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சிவன் கோயில் அடித்தளங்களும் கிடைத்தன, பௌத்த எச்சங்களும் கிடைத்தன. மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு தூபியின் உருவம். புத்தகுப்தன் என்ற பெருநாவிகன் தன் கடற்பயணம் நல்லபடி முடிய வேண்டிச் செதுக்கியது. அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறப்பு, அறிவால் வினை நிற்கிறது, வினை நின்றால் பிறப்பில்லை என்று சமஸ்கிருதத்தில் ஒரு செய்யுளும் அதில் உண்டு.

அதன் பக்கத்தில் தமிழில் சொன்ன இந்த நான்கு அடிகளை வைத்துப் பாருங்கள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

மணிமேகலையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி தனக்கு அருளியதாக மாதவி சொல்வது இது. நான்கு வாய்மைகளும் நான்கு அடிகளில் முடிந்துவிட்டன. அடுத்ததாக ஐந்து சீலத்தையும் சொல்கிறாள். பாலி மிரட்டுகிறது என்கிறீர்களே தம்பி, பற்று என்ற சொல் உங்களுக்கு மிரட்டலா? அது உங்கள் பாட்டி வாயில் இருந்த சொல். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் கட்டியதும், சைவனான முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையாகத் தந்ததும் வரலாறு. கடாரம் என்றால் நம் கெடாதான். மாமாவிடம் இதைச் சண்டைக்காகச் சொல்லாதீர்கள். தேநீர் குடிக்கும்போது சொல்லுங்கள்.

நண்பரின் விகாரத்தில் பார்த்தவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சீனர் வழிபாட்டில் பௌத்தத்தின் ஒரு பெரும் பிரிவான மகாயானமும் தாவோ மரபும் முன்னோர் வழிபாடும் கலந்திருக்கும். குவான் இன் கருணையின் போதிசத்துவர், அதாவது பிறர் நலனுக்காகப் புத்தநிலையை நாடுபவர். பெரிய தொந்தியோடு சிரிப்பவர் கௌதம புத்தர் இல்லை. புடாய் என்ற சீனத் துறவி, வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் வடிவமாக வணங்கப்படுகிறவர். சயாமிய, பர்மிய, இலங்கை விகாரங்கள் பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபு. தொடங்குகிறவருக்குத் தேரவாதம் எளிது என்பது என் கருத்து. கெடாவில் சயாமிய விகாரங்கள் பல இருக்கின்றன. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். நம்மவர்களில் சிலர் சயாம் கோயிலுக்குப் போவதே லாட்டரி நம்பர் கேட்கவும் தாயத்து வாங்கவும். அந்த வரிசையில் நீங்கள் போய் நிற்காதீர்கள். புத்தர் தம் பிக்குகளுக்குக் குறி சொல்லிப் பிழைப்பதைத் தடுத்திருக்கிறார்.

அம்மாவின் கவலைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. நாளந்தாவில் உபாலி என்ற வசதியான இல்லறத்தார் ஒருவர் இருந்தார். சமணர். புத்தரோடு வாதம் செய்ய வந்து, கேட்டுவிட்டு, உங்களைப் பின்பற்றுகிறேன் என்றார். அவசரப்படாதே, நன்றாக ஆராய்ந்து பார் என்றார் புத்தர். அவர் மறுபடியும் வற்புறுத்தியபோது, உன் வீடு நெடுங்காலம் சமணத் துறவிகளுக்குக் கிணறு போல இருந்திருக்கிறது, அவர்கள் வந்தால் தொடர்ந்து உணவு கொடு என்றார். வைகாசியில் மாரியம்மனுக்குத் தீமிதி என்றால் அம்மாவோடு போங்கள், பந்தலுக்குக் கம்பு நடுங்கள், தண்ணீர்ப் பந்தலில் நில்லுங்கள். மதம் மாறும் பேச்சே இப்போது வேண்டாம். கோபம் குறைந்த மகனை அம்மா வீட்டில் பார்த்தால் போதும்.

எவ்வளவு படிப்பது என்று கேட்டீர்கள். கோசாம்பியில் புத்தர் ஒரு கைப்பிடி இலைகளை எடுத்துக்கொண்டு, கையில் இருப்பது அதிகமா, காட்டில் இருப்பது அதிகமா என்று கேட்டார். நான் அறிந்தது காட்டிலை அளவு, உங்களுக்குச் சொன்னது கைப்பிடி, துக்கம் தீர அது போதும் என்றார். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரக்காட்டுக்குள் போய் நின்றிருக்கிறீர்களா? காலடியில் கணுக்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும். இணையத்தில் கிடக்கும் பௌத்தம் அப்படித்தான். தமிழில் தம்மபதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 423 பாடல்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஓராண்டைத் தாண்டும். ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு எப்படி, நிர்வாணத்துக்குப் பின் என்ன என்ற கேள்விகளுக்கு இப்போது விடை தேட வேண்டாம். ஆறு மாதம் மூச்சைக் கவனித்த பிறகு கேளுங்கள். கேள்வியே வேறு விதமாக இருக்கும்.

மூச்சைக் கவனிப்பது இப்படி. இரவு வேலை என்பதால், தூங்கி எழுந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சம்மணம் வராவிட்டால் நாற்காலி போதும். மூக்கு நுனியில் காற்று படும் இடத்தில் கவனத்தை வையுங்கள். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். தானாக வருவதை ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். நான்காவது எண்ணுக்குள் மனம் எங்கோ போய்விடும். போனது தெரிந்ததும் திட்டாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. நீண்ட நாள் மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தியானம் மருந்துக்கு மாற்று என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எவ்வளவு முயல்வது என்பதற்கு என் அப்பாவின் கத்திதான் எனக்கு அளவுகோல். சிறுவயதில் அவரோடு விடியற்காலையில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைக்கப் போவேன். பட்டையில் கத்தி வைத்தால் மெல்லிய சீவல் சுருண்டு விழும், பின்னாலேயே பால் வெள்ளையாகக் கோடிட்டு இறங்கும். மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் பிறகு வெட்டவே முடியாது. எனக்குக் கத்தி பழகிக் கொடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து அந்த நடு ஆழத்தைக் கையில் உணர வைத்தார். சோணர் என்ற பிக்கு பாதம் இரத்தம் சிந்தும் அளவுக்கு நடந்து தியானம் செய்து, மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்ப நினைத்தபோது, வீணை நரம்பை அதிகம் முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை வருமா என்று புத்தர் கேட்டார். சோணர் முன்பு வீணை வாசித்தவர், அதனால் அவருக்கு வீணை. நடு வழி என்பது இதுதான். பத்து நிமிடம் போதும் என்று நான் சொன்னதும் இதனால்தான். முதல் வாரமே இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள்.

விகாரத்துக்குத் தனியே போகத் தயங்கினால், காலையில் உணவோடு போங்கள். தேரவாத பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, ஆகவே பத்தரைக்குள் போய்விட வேண்டும். செருப்பைக் கழற்றுங்கள், புத்தர் சிலைக்கு நேராகக் கால் நீட்டாதீர்கள். அம்மாவைக் கூட்டிப் போனால், சயாமிய வழக்கத்தில் பிக்குவின் கையில் பெண்கள் நேரடியாகப் பொருள் கொடுப்பதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர் விரிக்கும் துணியில் வைக்கலாம். சோறும் ஒரு கூட்டும் போதும். அம்மா செய்யும் சாம்பாரை எடுத்துப் போங்கள், பாத்திரத்தைத் திரும்ப வாங்கி வர மறக்காதீர்கள்.